34 கோலா, 35 கோலா? அன்டோனின் புச்சும் செக் கால்பந்தின் இடது ஓரமும்

செக் தேசிய அணிக்காக அதிக கோல் அடித்தவர் யார் என்று தேடினால் இரண்டு பெயர்கள் வரும். முதல் பெயர் யான் கோல்லர், 55 கோல்கள். இவர் 2000களில் ஆடியவர், 2.02 மீட்டர் உயரம், நடு முன்கள வீரர். இன்னொரு பெயர் அன்டோனின் புச். இவருக்கு ஒரு பட்டியல் 34 கோல் என்கிறது, வேறொன்று 35 என்கிறது. 1926 முதல் 1938 வரை செக்கோஸ்லோவாக்கியாவுக்கு ஆடியவர். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்.

குழப்பம் இதோடு நிற்பதில்லை. புச் ஒரு இடது விங்கர். ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, நடுவில் நிற்பவருக்குப் பந்தை அனுப்பிவைப்பதுதான் விங்கரின் வேலை என்று நினைத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர் ஒரு நாட்டின் அதிகபட்ச கோல் கணக்கைக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் எப்படி வைத்திருந்தார்? அவர் ஆடிய நாடு எது? கோல் எண்ணிக்கையில் ஏன் இரண்டு விடை? இவற்றுக்குப் பதில் தெரியாமல் அவருடைய எண்களைப் படித்தால் பாதிதான் புரியும்.

எந்த நாட்டின் அணி?

புச் 1907 மே 16 அன்று யினோனிட்சேவில் பிறந்தார். இன்று அது பிராக் நகரத்தின் ஒரு பகுதி. அன்று ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்த சிற்றூர். அவருக்குப் பதினொரு வயதானபோது அந்தப் பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. செக் கால்பந்துப் பதிவுகளைப் பார்க்கும்போது இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்:

1. பொஹீமியா அணி. பேரரசுக்குள் இருந்தபடியே செக் மக்கள் தங்களுக்கெனத் தனி அணி வைத்திருந்தார்கள். 1903இல் ஹங்கேரியுடன் முதல் ஆட்டம். 1908இல் ஆஸ்திரியாவின் நெருக்கடியால் ஃபிஃபாவிலிருந்து வெளியேற்றப்பட்டது.

2. செக்கோஸ்லோவாக்கியா அணி. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் களம் கண்டது. யுகோஸ்லாவியாவை 7-0 என வீழ்த்தி, இறுதி ஆட்டம் வரை போனது. பெல்ஜியத்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்புகள் பிடிக்காமல் இடைவேளைக்கு முன்பே மைதானத்தைவிட்டு வெளியேறியது. புச் ஆடியது இந்த நாட்டுக்காகத்தான்.

3. 1939இல் ஜெர்மனி ஆக்கிரமித்த பிறகு பொஹீமியா-மொராவியா என்ற பெயரில் ஓர் அணி சில ஆட்டங்கள் மட்டும் ஆடியது. ஸ்லோவாக்கியா தனியாக ஆடியது. போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா திரும்பி வந்தது.

4. 1993 ஜனவரியில் நாடு இரண்டாகப் பிரிந்தது. ஆனாலும் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று பாதியில் இருந்ததால் அந்த ஆண்டு முழுக்க ஒரே அணியாகவே ஆடினார்கள். செக் குடியரசு என்ற பெயரில் முதல் ஆட்டம் 1994 பிப்ரவரியில் துருக்கிக்கு எதிராக நடந்தது.

செக்கோஸ்லோவாக்கியாவின் பழைய பதிவுகளை ஃபிஃபா செக் அணியின் கணக்கோடு சேர்த்துப் பார்க்கிறது. ஆனால் 1994க்குப் பிந்தைய ஆட்டங்களை மட்டும் எண்ணும் பட்டியலில் புச் இருக்க மாட்டார். முழு வரலாற்றையும் எண்ணும் பட்டியலில் கோல்லருக்கும் மிலான் பரோஷுக்கும் அடுத்து மூன்றாவதாக நிற்பார். கோல்லர் அவரைத் தாண்டியது 2005இல்தான். இடைப்பட்ட காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா இன்னொரு முறை உலகக் கோப்பை இறுதிக்குப் போனது, ஐரோப்பிய சாம்பியன் ஆனது. 1976இல் அந்தப் பட்டம் வென்ற அணியில் இருந்த ஸ்டெனெக் நெஹோடா 90 ஆட்டங்கள் ஆடினார். அவராலும் 60 ஆட்டங்கள் ஆடிய புச்சைத் தொட முடியவில்லை.

அன்றைய விங்கர் யார்?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1920களில் ஐரோப்பாவின் பெரும்பாலான அணிகள் 2-3-5 என்ற அமைப்பில் ஆடின. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டு பின்கள வீரர்கள், அவர்களுக்கு முன்னால் மூன்று நடுக்கள வீரர்கள், அதற்கும் முன்னால் ஐந்து முன்கள வீரர்கள். அந்த ஐந்து பேரில் வலது கோடியில் ஒருவர், இடது கோடியில் ஒருவர். இவர்கள்தான் விங்கர்கள். இவர்களுக்கும் நடு முன்கள வீரருக்கும் இடையில் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர். இவர்களை உள் முன்கள வீரர்கள் என்று சொல்லலாம்.

விங்கர் முன்வரிசை ஆள் என்பது முதல் விஷயம். இன்றைய விங்கர் போலத் தன் பக்கத்துப் பின்கள வீரருக்கு உதவ அறுபது மீட்டர் பின்னால் ஓடி வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தடுக்கும் பொறுப்பு பின்னால் இருக்கும் ஐவருடையது. இடது விங்கர் எதிரணிக் கோலை நோக்கியே காத்திருக்கலாம்.

அவர் தனியாள் இல்லை, ஒரு ஜோடியில் பாதி என்பது இரண்டாவது. இடது விங்கரும் இடது உள் முன்கள வீரரும் சேர்ந்தே இயங்குவார்கள். ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு தடுப்பாளரை இழுக்க, மற்றவர் காலியான இடத்துக்குள் நுழைவார். வலது ஓரத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தால் இடது விங்கர் கோல் கம்பத்தின் தூரப் பக்கத்தில் போய் நிற்பார். பந்தை அனுப்புவது எவ்வளவு முக்கியமோ, வந்த பந்தை முடிப்பதும் அவ்வளவு முக்கியமான வேலை. வேகமும் பலமான ஷாட்டும் உள்ள ஆளுக்கு அந்த இடம் நல்ல வேட்டைக்களம். புச்சிடம் இரண்டும் இருந்தன.

ஒரு விதி மாறியது, வாசல் திறந்தது

புச்சின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. அவர் ஸ்லாவியா பிராக் கிளப்புக்கு வந்தது 1925இல். எதிரணிக் கோலுக்கு அருகே முன்கூட்டியே போய் நின்று பந்தை வாங்குவதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி மாற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

அதற்கு முன்பு, பந்தை வாங்கும் முன்கள வீரருக்கும் கோல்கோட்டுக்கும் இடையில் எதிரணியின் மூன்று பேராவது இருக்க வேண்டும். கோல்கீப்பர் ஒருவர், இரண்டு பின்கள வீரர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பின்கள வீரர்களில் ஒருவர் மட்டும் முன்னேறி நின்றாலே போதும், முன்வரிசை முழுக்க ஆஃப்சைடில் மாட்டிக்கொள்ளும். ஏமாந்தாலும் இன்னொரு பின்கள வீரர் பின்னால் காவலுக்கு இருப்பார். அணிகள் இந்த உத்தியை விடாமல் பயன்படுத்தின. ஆட்டங்கள் நடுக்களத்திலேயே நசுங்கின.

1925இல் மூன்று பேர் இரண்டு பேர் ஆனார்கள். பின்கள வீரர் முன்னேறி வந்து கணக்குத் தவறினால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான். விளைவு உடனே தெரிந்தது. இங்கிலாந்து லீக் போட்டிகளில் முந்தைய பருவத்தில் மொத்தம் 4,700 கோல்கள். விதி மாறிய முதல் பருவத்தில் 6,373.

இந்த மாற்றத்துக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது. இங்கிலாந்தில் நடு நடுக்கள வீரரைப் பின்னால் இழுத்து மூன்றாவது தடுப்பாளர் ஆக்கினார்கள். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் நகரங்களில் அதை அவ்வளவு சீக்கிரம் ஏற்கவில்லை. அங்கே நடு நடுக்கள வீரர் தொடர்ந்து தாக்குதலைக் கட்டுகிறவராகவே இருந்தார். அதாவது மத்திய ஐரோப்பாவில் ஆடிய முன்கள வீரருக்குப் புதிய விதி தந்த வெளியும் கிடைத்தது, அதை அடைக்கும் மூன்றாவது தடுப்பாளர் தொல்லையும் நெடுநாள் இல்லை. புச் ஆட வந்தது சரியாக அந்த நேரத்தில். இதைச் சொல்வதால் அவர் திறமை குறைந்துவிடாது. அதே விதியில், அதே ஊரில் ஆடிய மற்றவர்கள் யாரும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

ஸ்லாவியா என்ற பள்ளி

புச் சிறுவனாக ஆடியது பிராக்கின் ஸ்மிகோவ் கிளப்பில். பதினெட்டு வயதில் ஸ்லாவியாவுக்கு வந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஜான் மேடன், ஸ்காட்லாந்துக்காரர், கிளாஸ்கோவின் செல்டிக் அணியில் ஆடியவர். 1905இல் பிராக் வந்து 1930 வரை, கால் நூற்றாண்டு ஒரே கிளப்பைப் பயிற்றுவித்தார். கடைசிவரை அந்த ஊரிலேயே வாழ்ந்து 1948இல் அங்கேயே இறந்தார். பந்தை உயரத் தூக்கியடித்து ஓடாமல், தரையோடு சிறு பாஸ்களாக நகர்த்தும் ஸ்காட்லாந்து முறையை அவர் கொண்டு வந்தார். தடுப்பாளர்களுக்கு நடுவே இருக்கும் சிறு சந்துக்குள் பந்தைத் தள்ளிவிடும் செக் பாணி அந்த மண்ணில்தான் செழித்தது. விங்கர் கோல் அடிக்க வேண்டுமானால் அவருக்கு இப்படிப்பட்ட பாஸ் கொடுக்கத் தெரிந்த கூட்டாளிகள் வேண்டும்.

1925 இன்னொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. செக்கோஸ்லோவாக்கியாவில் தொழில்முறை லீக் அப்போதுதான் தொடங்கியது. ஆஸ்திரியா ஓராண்டு முந்தியது, ஹங்கேரி ஓராண்டு பிந்தியது. ஆட்டத்தையே வேலையாகக் கொண்ட வீரர்களின் முதல் தலைமுறை அது. புச் இருந்த காலத்தில் ஸ்லாவியா திரும்பத் திரும்பப் பட்டம் வென்றது: 1929, 1930, 1931 என மூன்று முறை தொடர்ச்சியாக, பிறகு 1933, 1934, 1935 என மறுபடி மூன்று முறை, 1937இல் இன்னொன்று.

வெளிநாட்டு அணிகளோடு மோதும் வாய்ப்பும் பெருகியது. 1927இல் மத்திய ஐரோப்பியக் கிளப்புகளுக்கு மித்ரோபா கோப்பை தொடங்கியது. அதே ஆண்டு ஆஸ்திரியா, ஹங்கேரி, இத்தாலி, சுவிட்சர்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து நாட்டு அணிகளுக்கும் மத்திய ஐரோப்பியக் கோப்பை தொடங்கியது. இதன் கோப்பையைப் பொஹீமியக் கண்ணாடியில் செய்து வழங்கியவர் செக்கோஸ்லோவாக்கியப் பிரதமர் அன்டோனின் ஷ்வெஹ்லா. புச்சின் சர்வதேச ஆட்டங்கள் நட்பு ஆட்டங்களும் இந்தக் கோப்பை ஆட்டங்களுமாகவே பெரும்பாலும் இருந்தன. 1930 உலகக் கோப்பைக்கு உருகுவே வரை கப்பலில் போனவை நான்கு ஐரோப்பிய அணிகள் மட்டும், செக்கோஸ்லோவாக்கியா போகவில்லை. புச்சுக்கு அப்போது 23 வயது. ஒரு முன்கள வீரரின் நல்ல வயதில் ஓர் உலகக் கோப்பை அவர் கையைவிட்டுப் போனது.

1934: இடது ஜோடி

அடுத்த உலகக் கோப்பை இத்தாலியில். பதினாறு அணிகள், தோற்றால் வெளியே. செக்கோஸ்லோவாக்கியா அந்தத் தொடரில் நான்கு ஆட்டங்கள் ஆடியது.

1. மே 27, டிரியஸ்ட்டே. ருமேனியா முதலில் கோல் அடித்து இடைவேளை வரை முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதி தொடங்கியதும் புச் சமன் செய்தார். பிறகு இடது உள் முன்கள வீரர் நெயெட்லி வெற்றி கோல் அடித்தார். 2-1.

2. மே 31, டுரின். சுவிட்சர்லாந்துக்கு எதிராக 3-2. ஸ்வோபோடா, சோபோட்கா, நெயெட்லி ஆளுக்கொரு கோல்.

3. ஜூன் 3, ரோம். அரையிறுதியில் ஜெர்மனி, 3-1. மூன்றும் நெயெட்லி.

4. ஜூன் 10, ரோம். இறுதி ஆட்டம், இத்தாலிக்கு எதிராக.

அந்த இறுதி ஆட்டத்தின் பதினொருவரில் எட்டுப் பேர் ஸ்லாவியா, மூன்று பேர் அதன் பரம எதிரியான ஸ்பார்ட்டா. ஒரே நகரத்தின் இரண்டு கிளப்புகள் சேர்ந்து ஒரு நாட்டின் அணி. முன்வரிசையில் வலமிருந்து இடமாக யூனெக், ஸ்வோபோடா, சோபோட்கா, நெயெட்லி, புச். இதில் நெயெட்லி மட்டும் ஸ்பார்ட்டா. லீக்கில் எதிரெதிராக மோதிக்கொண்ட நெயெட்லியும் புச்சும் தேசிய அணியில் இடது ஜோடி. தொடர் முழுவதும் அணி அடித்தது ஒன்பது கோல்கள். நெயெட்லி ஐந்து, புச் இரண்டு. ஒன்பதில் ஏழு கோல்கள் அந்த இடது ஜோடியுடையவை! 2-3-5 அமைப்பில் விங்கரும் உள் முன்கள வீரரும் எப்படி ஒரே இயந்திரமாக இயங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இறுதி ஆட்டத்தில் முசோலினி பார்வையாளர் மேடையில் இருந்தார். எழுபது நிமிடம் வரை கோல் இல்லை. அப்புறம் புச் ஒரு கார்னர் எடுத்தார். தடுப்பாளர்கள் வெளியேற்றிய பந்து திரும்ப அவரிடமே வந்தது. இடப்பக்கத்திலிருந்து அவர் அடித்த ஷாட்டுக்கு இத்தாலியின் கோல்கீப்பரும் தலைவருமான கோம்பி தாமதமாகத்தான் பாய்ந்தார். செக்கோஸ்லோவாக்கியா 1-0. சற்று நேரத்தில் ஸ்வோபோடா அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் கோப்பை பிராக் போயிருக்கும் என்று நினைக்க நிறைய நியாயம் உண்டு.

81ஆவது நிமிடத்தில் இத்தாலி சமன் செய்தது. அடித்தவர் ஓர்சி. அவரும் இடது விங்கர். கூடுதல் நேரத்தில் வலது விங்கர் குவாய்ட்டா கொடுத்த பந்தை ஸ்கியாவியோ கோலாக்கினார். 2-1. அடித்த மூன்று கோல்களிலும் ஒரு விங்கரின் கால் இருந்தது. விங்கர் என்பவர் பந்து அனுப்பிவைக்கும் ஆள் மட்டுமே என்ற நம் நினைப்பை அந்த ஒரு மாலை நன்றாகவே திருத்தும்.

34, 35: வேறுபாடு எங்கிருந்து?

பழைய ஆட்டங்களின் கோல் கணக்கு இன்றைய கணக்கு போலக் கறாராக இருப்பதில்லை. பொதுவான காரணங்கள் மூன்று.

அன்று பெரும்பாலான ஆட்டங்களில் சட்டையில் எண் கிடையாது. இடது விங்கருக்கு 11 என்ற வழக்கமெல்லாம் பிறகு வந்தது. கோல் முன்னால் கூட்டமாக நடந்ததைப் பார்வையாளர் மேடையிலிருந்து ஒரு செய்தியாளர் ஒரு மாதிரி எழுதுவார், பக்கத்தில் இருந்தவர் வேறு மாதிரி எழுதுவார். திருப்பிப் பார்க்கப் படச்சுருளும் பெரும்பாலும் இருக்காது.

தடுப்பாளர்மேல் பட்டு உள்ளே போன பந்தை யார் கணக்கில் எழுதுவது என்பதிலும் ஒருமித்த வழக்கம் இல்லை. அதோடு, எந்த ஆட்டம் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் என்பதிலேயே சங்கங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது.

புச்சின் பக்கத்தில் ஆடியவரின் கணக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1934 அரையிறுதியில் நெயெட்லி மூன்று கோல் அடித்தார் என்று மேலே சொன்னேன். நெடுங்காலம் ஃபிஃபா அதில் இரண்டை மட்டுமே அவர் பெயரில் வைத்திருந்தது. 2006இல்தான், ஆட்டம் முடிந்து 72 ஆண்டுகள் கழித்து, மூன்றும் அவருடையவை என்று ஏற்றது. அதன் பிறகுதான் அந்தத் தொடரில் ஐந்து கோல் அடித்து முதலிடம் பெற்றவராக அவர் தனியாக அறிவிக்கப்பட்டார். உலகக் கோப்பை அரையிறுதிக்கே இந்த நிலை என்றால், 1920களின் நட்பு ஆட்டம் ஒன்றில் ஒரு கோல் இங்கும் அங்கும் மாறுவதில் வியப்பில்லை. 34 என்றோ 35 என்றோ எழுதும் பட்டியலைத் தவறு என்று ஒதுக்க வேண்டாம். இரண்டிலும் அவர் தரவரிசை மாறுவதில்லை.

1938: போர்டோ

1938 உலகக் கோப்பை பிரான்சில். புச்சுக்கு 31 வயது. முதல் சுற்றில் லே ஆவ்ர் நகரில் நெதர்லாந்தைக் கூடுதல் நேரத்தில் 3-0 என அணி வென்றது. அடுத்து ஜூன் 12, போர்டோ, பிரேசில். உலகக் கோப்பையின் முரட்டு ஆட்டங்களைப் பற்றி யார் எழுதினாலும் இது இடம்பெறும். பிரேசிலில் இருவர், செக்கோஸ்லோவாக்கியாவில் ஒருவர் வெளியேற்றப்பட்டார்கள். கோல்கீப்பர் பிளானிச்காவுக்குக் கை முறிந்தது. நெயெட்லிக்குக் கால் முறிந்தது. மாற்று வீரரை இறக்க அன்று விதியில் இடமில்லை. ஆட்டம் 1-1 என முடிய, இரண்டு நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் பிரேசில் 2-1 என வென்றது. அதில் நெயெட்லியும் இல்லை, புச்சும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ரோமைக் கலக்கிய இடது ஜோடி முடிந்தது.

அந்த ஆண்டே புச் ஸ்லாவியாவை விட்டு விக்டோரியா ஷிஷ்கோவ் கிளப்புக்குப் போனார். செப்டம்பரில் மியூனிக் ஒப்பந்தம் நாட்டின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்தது. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை பிராக்குக்குள் நுழைந்தது. புச் ஆடிய தேசிய அணி மட்டுமல்ல, அந்த நாடே சில ஆண்டுகள் வரைபடத்தில் இல்லாமல் போனது. போருக்குப் பிறகு அணி மீண்டபோது முன்வரிசையில் வேறு தலைமுறை இருந்தது. புச் 1988 ஏப்ரல் 18 அன்று காலமானார். அப்போதும் அவருடைய கோல் எண்ணிக்கைதான் செக்கோஸ்லோவாக்கியாவின் உச்சம்.

கோல்லரோடு எப்படி ஒப்பிடுவது?

எண்களை மட்டும் வைத்தால் கோல்லருக்கு 91 ஆட்டங்களில் 55 கோல், ஆட்டத்துக்கு 0.60. புச்சுக்கு 60 ஆட்டங்களில் 34 என்று எடுத்தால் 0.57, 35 என்று எடுத்தால் 0.58. விகிதத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடம். ஆனால் ஒருவர் நடு முன்கள வீரர், மற்றவர் ஓரத்தில் நின்றவர்.

இரண்டு பக்கமும் நியாயமாகச் சில தள்ளுபடிகள் செய்ய வேண்டும். புச்சின் காலத்தில் தடுப்பாட்டம் தளர்வானது, கோல்கள் மலிவு. கோல்லரின் காலத்தில் நான்கு தடுப்பாளர்கள், காணொளி பார்த்துத் தயாராகும் எதிரணிகள். இது கோல்லருக்குச் சாதகமான வாதம். மறுபுறம், கோல்லரின் அணி தகுதிச்சுற்றுகளில் அன்டோரா, சான் மரினோ போன்ற சிறு அணிகளோடும் ஆடியது. புச் அடிக்கடி எதிர்கொண்டவை ஆஸ்திரியா, ஹங்கேரி, இத்தாலி: அன்றைய ஐரோப்பாவின் மிக வலுவான அணிகளில் மூன்று. ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து ஆட்டம் என்ற அளவில் 60 ஆட்டங்கள் சேர அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இன்றைய அட்டவணையில் அதே எண்ணிக்கையை ஒரு முன்னணி வீரர் ஏழெட்டு ஆண்டுகளில் எட்டிவிடலாம்.

இதனால் மொத்தக் கோல்களில் கோல்லரை முதலிடத்தில் வைப்பதில் தவறில்லை. செக் கால்பந்தின் சிறந்த விங்கர் யார் என்ற தனிக் கேள்வி வரும்போது, 1934 ஜூன் 10ஐயும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் என் ஓட்டு புச்சுக்கே.